பளபளத்த பாதி

போன் அலறியது!

தொழிற்சாலையின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர்.

"மேடம், உங்க கொழுந்தன் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கிறான். ரிப்போர்ட் எப்போ?"

"கொஞ்சம் பொறுங்க சார்..."

நேற்று அங்கே சரக்கு லிஃப்டைத் தாங்கிய தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி முறிந்தது. அடியில் நின்ற 'மீசை' சூப்பர்வைசர் அங்கேயே காலி. லிஃப்ட் மெக்கானிக் இவள் கொழுந்தன். அதற்கு முந்தின நாள்தான் மீசையோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தான்.

கம்பி முறிந்த பரப்பில் பாதி வழுவழுவென்று பளபளத்தது. வெறுங்கண்ணால் பார்த்த மாத்திரத்தில், "ரம்பத்தால அறுத்த மாதிரி இருக்கு" என்று போலீஸிடம் சொன்னது யார்?

இவளேதான். அவன் முன்கோபி என்று உபரியாகவும் போட்டுக் கொடுத்தாள்.

ஜீப்பில் ஏறுமுன் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

இப்போது லென்ஸின் அடியில்... பளபளத்த பாதி முழுக்க மெல்லிய வரிகள். ரம்பம் இப்படிக் கோடு போடாது! லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் விரிசல் மயிரிழை மயிரிழையாக நகர்ந்த தடம் அது. மாதக்கணக்கில் களைத்து ஓய்ந்திருக்கிறது எஃகு. விரிசலின் இரு பக்கமும் உரசி உரசித்தான் அந்தப் பளபளப்பு.

சரி, ஏன் அந்த இடத்தில்?

ஒரு துண்டை வெட்டித் தேய்த்து, அமிலத்தில் நனைத்துப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் உலோகம் பொடிப்பொடி மணிகளாக நெருங்கிக் கிடந்தது. விரிசல் தொடங்கினாலும் மணிக்கு மணி முட்டித் திணறும். முறிந்த இடத்திலோ மணிகள் ஊதிப் பெருத்திருந்தன. தடுக்க வேலி குறைவு.

சூடு! யாரோ அங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே ஒட்டியிருந்தது ஒரு குட்டிக் கொக்கி. ஹெல்மெட் மாட்ட மீசை தன் கையாலேயே வெல்டிங் வைத்த கொக்கி. தினமும் இவள் பார்த்த கொக்கி.

அவளுக்கு முகம் எரிந்தது.

"சார், ஆள் கிடைச்சாச்சு. ஆனா கைது பண்ண முடியாது."

"ஏன் மேடம், ஓடிட்டானா?"

"மார்ச்சுவரியில இருக்கார்."

ஸ்டேஷன் வாசலில் கொழுந்தன் வெளியே வந்தான். ஒரு கண் வீங்கியிருந்தது. அவளால் தலை நிமிர முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சுடுப்பா... அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்."

அவன் சட்டையை உதறிக்கொண்டான்.

"பரவால்ல அண்ணி. கம்பிக்காவது லென்ஸ் வச்சுப் பாத்தீங்களே... கொழுந்தனுக்கு வெறுங்கண்ணே போதும்னுட்டீங்க!"