மாளா உள்ள போன்

கண்ணாடி மேசையின் மேல் இரண்டு போன்கள் படுத்திருந்தன. ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டும் ஒரே விலை. அதனால்தான் சண்டையே!

"நீலத்தை எடும்மா. கேமரா அம்பது மெகாபிக்ஸல். ஏக்தம் பிந்தாஸ்!" என்றான் சுடலைக்கண்ணன். பம்பாய்ப் பேச்சில் 'படு ஜோர்' என்று அர்த்தம். பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அவனுக்கு எல்லாமே பிந்தாஸ்தான்.

"பச்சையில பேட்டரி பெருசு," என்றாள் தங்கை மாரீஸ்வரி.

"ஏட்டி, பேட்டரியை வச்சு போட்டோ எடுப்பியா?"

"சார்ஜ் இல்லாத கேமராவை வச்சு நீ எடுப்பியோ?"

கடைக்காரர் கரீம் பாட்சா சிரித்தார். தாராவியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. மாரியின் வீட்டார் ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் எதை வாங்குவதென்றாலும் அம்மாவுக்குத் தாராவிக்குத்தான் வரவேண்டும். வந்தால் முன்பு குடியிருந்த சந்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். அங்கே வீடுகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். இப்போது தகரத் தடுப்புதான் நிற்கிறது.

அம்மா பானுமதி வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைப்பவள். அவளுடைய பழைய போன் பேச்சின் நடுவே அணைந்துவிடும். போன வாரம் ஒரு கல்யாண வீட்டார் கூப்பிட்டுப் பார்த்து, கிடைக்காமல், வேறு தையற்காரியிடம் போய்விட்டார்கள். இன்று காலையோடு போன் அடியோடு படுத்துவிட்டது.

"நீலத்துல ரேம் எட்டு, ஸ்டோரேஜ் இருநூத்தம்பத்தாறு. பச்சையில ரேம் ஆறு, ஸ்டோரேஜ் நூத்திருபத்தெட்டு," என்றார் பாட்சா.

"பாய், எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க," என்றாள் அம்மா.

மாரி முந்திக்கொண்டாள். "ரேம்னா தரைம்மா. ஒரே நேரத்துல எத்தனை பேர் உக்காந்து சாப்பிடலாங்கிற கணக்கு. ஸ்டோரேஜ்னா அலமாரி."

"அப்ப நீலத்துல தரையும் பெருசு, அலமாரியும் பெருசு. அதையே எடுப்போம்."

சுடலை விசிலடித்தான். மாரி உதட்டைப் பிதுக்கினாள்.

"பழசைக் குடுங்க தங்கச்சி, விலையில கொஞ்சம் குறைச்சுத் தாரேன்," என்று பாட்சா கையை நீட்டினார்.

அம்மா பழைய போனைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

"இன்னொரு நாள் வாரோம் பாய்."

சொல்லிவிட்டுப் படியிறங்கியே விட்டாள்! மாரி பின்னாலேயே ஓடினாள்.

"என்னம்மா? போன் இல்லாம தைக்கக் குடுக்க எப்படி ஆள் வருவாங்க?"

அம்மா தகரத் தடுப்பு இருந்த பக்கமாகப் பார்த்தாள். "நம்ம பழைய வீடு இந்தப் போனுக்குள்ளதான இருக்கு. எத்தனை படம், எத்தனை வீடியோ! இதையும் குடுத்துட்டா நான் எங்க போய்ப் பாக்க?"

மாரிக்கு அந்த வீடு நன்றாக நினைவிருந்தது. ஒரே அறை. தலைக்கு மேலே பலகை அடித்த பரண். பம்பாய்க்காரர்கள் அதை 'மாளா' என்பார்கள். இரும்பு ஏணியில் ஏறினால் மெத்தைகள், பொங்கல் பானை, மழைக்காலத்து ஈரத் துணி வாசனை. மாரி ஒளிந்துகொள்ளும் இடமும் அதுதான். புது வீட்டில் தனிச் சமையலறை உண்டு. மாளா இல்லை.

மாரி யோசித்தாள். பிறகு அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"பாய், இதுக்குள்ள இருக்கிற படமெல்லாம் போயிருமா?"

பாட்சா பழைய போனின் முதுகைக் கழற்றினார். உள்ளிருந்து விரல் நகம் அளவில் ஒரு கறுப்புச் சில்லை எடுத்தார்.

"மெமரி கார்டு. போன்தான் படுத்துட்டுது. இது நல்லா இருக்கும். பச்சையில அப்படியே சொருகலாம். நீலத்துல கார்டுக்கு இடமே கிடையாது."

மாரி துள்ளினாள். "அம்மா! பச்சையில மாளா இருக்கு!"

கடையில் வேலை செய்யும் ஜோயாவுக்குத் தமிழ் தெரியாது. மாளா அவள் காதில் மாலா என்று விழுந்தது. ஹிந்தியில் மாலா என்றால் பூமாலை. புதுப் போனுக்கு மாலை போடப் போகிறார்கள் என்று நினைத்து, பக்கத்துப் பூக்கடைக்கு அவள் வழி சொன்னாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சுடலை மட்டும் விடவில்லை. "நீலத்துல காப்பி பண்ணிக்கலாமே!"

"பண்ணலாம். ஆனா நீலம் ரிப்பேரானா? மாளான்னா கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம்லா?" என்றாள் மாரி.

அம்மா கார்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அந்த வீட்டு மாளாவைத்தான் கழட்டிக் கொண்டுவர முடியலை," என்றாள் மெல்ல.

பாட்சா கார்டைப் பச்சை போனில் சொருகினார். ஒரு வீடியோ ஓடியது. குக்கர் விசில் அடித்தது. பழைய ஏணி தெரிந்தது. மேலிருந்து ஒரு கீச்சுக் குரல்: "அம்மா, நான் மாளாவுல இல்லவே இல்லை! வேற எங்கயாவது தேடு!"

அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அதற்குள் ஏணியடியில் வெறும் ஜட்டியோடு ஒரு பையன் குத்தாட்டம் போட்டான்.

"ஐயோ, டெலீட் பண்ணும்மா!" என்று அலறினான் சுடலை.

"ஏக்தம் பிந்தாஸ்!" என்றாள் மாரி.

பச்சை போனையே வாங்கி, பழைய சிம்மையும் அதில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் முகம் வாடியதைப் பார்த்த மாரி, "முதல் போட்டோ நீயே எடு," என்று அதை அவன் கையில் கொடுத்தாள். அவன் தகரத் தடுப்பின் முன்னால் அம்மாவையும் அவளையும் நிறுத்தி எடுத்தான். படம் அழகாகத்தான் வந்தது.

பஸ்ஸில் போன் அடித்தது. "தீபாவளிக்கா? தச்சிரலாம், துணியைக் கொண்டாங்க!" என்றாள் அம்மா. பேசி முடித்ததும் மறுபடி மாளாவைத் திறந்தாள். ஒரு படத்துக்கு ஒரு கதை. ஆண்டாப் ஹில் வந்தது. மாரி கையைப் பிடித்து இறக்கிய பிறகும் அம்மா சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அந்தக் கதைகளா? சொல்லி மாளாது!