திட்டு வாங்காத விருந்தாளி

பந்தலின் மேல் மழை சடசடவென்று கொட்டியது. கீழே மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் சுலேகாவும் மற்றப் பெண்களும் அவர்களைப் பேர் சொல்லித் திட்டிப் பாடினார்கள். சம்பந்தி பூசணி வயிறர், மாமா எருமைத் திருடர்... வடக்கே, போஜ்புரி பேசும் சீவான் பக்கத்தில் இந்த வசவு இல்லாமல் கல்யாணச் சோறு இறங்காது.

மணப்பெண்ணின் அம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"சுலேகா, கடைசி இலைக்காரர் சோத்துல கையே வைக்கல. அவரு எழுந்தா சம்பந்தியும் எழுந்துடுவாரு. கல்யாணமே கெட்டுப்போகும். போய் என்னன்னு கேளுடி."

"சரி சித்தி."

கடைசி இலை... மாப்பிள்ளையின் சிநேகிதன் கவிஷ். மொரீஷியஸ்காரன். நேற்று வந்திறங்கியதிலிருந்து அவன் கண்கள் வீட்டையே விழுங்கிக்கொண்டிருந்தன. அவள் கண்கள் அவனை... அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"உப்புக் கூடிப் போச்சா?" என்று அவன் இலைக்கு முன்னால் போய்க் கேட்டாள்.

"இல்லீங்க." அவன் போஜ்புரியில்தான் பேசினான், இந்த ஊர்க் கிழவர்கள் பேசுகிற மாதிரி. "எல்லாரையும் திட்டினீங்க. என்னை மட்டும் விட்டுட்டீங்க."

சுலேகாவுக்குச் சிரிப்பு முட்டியது.

"வெளிநாட்டு மனுஷர். கோவிச்சுக்குவீங்களோன்னு..."

"முன்னோர் இங்கிருந்து கப்பல் ஏறிப் போனாலும் பாட்டை விடலீங்க. எங்க ஊர்லயும் திட்டுவாங்க. திட்டு வாங்காதவன் வேத்தாள். வேத்தாளுக்கு இங்க எதுக்குச் சோறு?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. சம்பந்தியின் கை பாதியில் நின்றது. வேறு வழியில்லை, சுலேகா நின்ற இடத்திலேயே பாடினாள்.

"கடல் தாண்டி வந்த கவிஷ் பாபு...
கட்டிவெச்ச ஆட்டைக் களவாண்ட பாபு..."

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. சம்பந்தியின் கை வாய்க்குப் போனது. கவிஷ் கண் கலங்க முதல் கவளம் எடுத்தான்.

தயிர் ஊற்றும் சாக்கில் அவள் மறுபடி வந்தாள்.

"இப்பத் திருப்திதானே?"

"நெசத்தைச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்குவேன்னுதான் விட்டீங்களா?"

மழை குறைந்திருந்தது. மெல்லச் சொன்னாலும் கேட்கும். சுலேகா தயிர்ப் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்ல... உங்க பேர் வந்ததும் திட்ட மனசு வரல. பிடிச்சுப் போச்சு."

அவன் கை இலையில் அப்படியே நின்றது.

"எனக்கு நேத்தே பிடிச்சுப் போச்சு" என்றான்.