மஞ்சள் சட்டை யாருக்கு?

யாரியேல் வீசிய பந்து யார் கைக்கும் போகவில்லை. மைதானத்தைத் தாண்டிப் பறந்து, வேலியோரம் நின்ற ஐஸ் வண்டியில் போய் மோதியது. புளிப்பாகு பாட்டில் கவிழ்ந்து, வண்டிக்காரர் வேலெஸின் வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது.

"அடுத்த வாட்டி தேங்காய்ப் பாகைக் குறி பாருடா தம்பி," என்றார் அவர், சட்டையை உதறிக்கொண்டே. "அது கறை படியாது."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மஞ்சள் அணியின் தலைவி வலேஸ்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பந்து அவளுக்கு வந்திருக்க வேண்டியது. வந்திருந்தால் மஞ்சள் சட்டை போட்ட செய்பா பேட்டைப் பிள்ளைகள் ஜெயித்திருப்பார்கள். இப்போது ஒரே ஒரு கூடையில் தோற்றுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எஃப்ரயின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு முடிவெட்டும் கடை இருந்தது. பேசும்போதும் அவர் விரல்கள் கத்தரி பிடித்தது போலவே ஆடிக்கொண்டிருக்கும்.

"பச்சை அணி நில்சா கோச் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்காங்க. நம்ம யாரியேலைக் குடுத்தா, அவங்க ஓமாரைத் தர்றாங்களாம்."

"ஓமாரையா?"

"ஓமாரையேதான்."

ஓமார் பன்னிரண்டு வயதுப் பையன்தான். ஆனால் பின்னால் நின்று பார்த்தால் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என்று நினைத்துக்கொள்வோம். அவன் கையைத் தூக்கினால் போதும், கூடைக்குப் பக்கத்தில் வேறு யாருக்கும் பந்து கிடைக்காது.

அந்த ஊரில் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பாதி ஆட்டங்கள் முடிந்ததும், ஒவ்வோர் அணியும் தன் பிள்ளைகளில் ஒருவரையோ இருவரையோ இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு அணித் தலைவர்களும் மைதானத்தின் நடு வட்டத்தில் நின்று கைகொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு, மாறுகிற பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். தலைவர் கையை நீட்டவில்லை என்றால் பேச்சே கிடையாது. பயிற்சியாளர் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

"யாரியேல் நல்ல பையன்தான்," என்றார் எஃப்ரயின். "ரெண்டு வருஷத்துல பிரமாதமா வருவான். ஆனா உனக்கு இது கடைசி வருஷம், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? பதின்மூன்று வயதானால் இந்தப் போட்டியில் ஆட முடியாது. வலேஸ்கா சின்னப் பிள்ளையிலிருந்தே மஞ்சள் சட்டை போட்டு ஆடுகிறாள். ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை.

"சனிக்கிழமை பச்சை அணியோட நமக்கு ஆட்டம் இருக்கு. அது முடிஞ்சதும் சொல்றேன் கோச்," என்றாள்.

மறுநாளே சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் ஒருத்தர் விடாமல் யோசனை சொன்னார்கள்.

"உயரம் வேணும்மா. உயரத்தைக் கடையில வாங்க முடியாது," என்றார் ஒருவர்.

"அப்ப பந்தை யாரு முன்னால கொண்டு வர்றது? ஓமாரா? அவன் குனிஞ்சு பந்தைத் தட்டறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்," என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரியேல்தான் அணியின் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டே முன்னால் வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வது அவன் வேலை. எதிரணியில் ஒருவராலும் அவனிடமிருந்து பந்தைப் பறிக்க முடிந்ததில்லை. கொடுக்கும்போதுதான் கோளாறு. பந்து ஆளில்லாத இடத்துக்கே போகும். சரியாகக் கொடு என்று திட்டினால், வாயே திறக்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"குடுத்துடலாம்," என்றான் டெரெக். அவன் வலேஸ்காவின் சித்தி மகன், அணியிலேயே பெரிய வாய்க்காரன். "எனக்கு வர வேண்டிய பந்தெல்லாம் ஐஸ் வண்டிக்கே போகுது. வேலெஸ் மாமாவையே அணியில சேத்துடலாம் போல."

வலேஸ்காவுக்கும் ஓமார் வேண்டும் என்றுதான் இருந்தது. ரொம்பவே இருந்தது. ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. நடு வட்டத்தில் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றும்போதுதானா யாரியேலுக்கு விஷயம் தெரிய வேண்டும்? யாராவது முன்கூட்டியே அவனிடம் சொல்ல வேண்டாமா? தலைவி என்றால் அது தன் வேலைதானே என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் யாரியேல் குடியிருந்த மேட்டுத் தெருவுக்கு ஏறினாள்.

மேட்டுத் தெரு அப்படியொரு செங்குத்து. கார்களே முனகிக்கொண்டுதான் ஏறும். பாதி தூரத்தில் ஒரு மின்கம்பத்தில் கூடை கட்டியிருந்தது. யாரியேலும் அந்தத் தெருப் பிள்ளைகளும் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வலேஸ்காவைப் பார்த்ததும் யாரியேல் பந்தைக் கீழே வைத்து, காலால் அணை கொடுத்தான்.

"தெரியும்க்கா," என்றான். "முடிவெட்டுற கடையில பேசிக்கிட்டாங்க. சட்டையைக்கூடத் துவைச்சு வெச்சுட்டேன். சனிக்கிழமை ஆடினா திரும்ப அழுக்காயிடும். பரவாயில்லையா?"

"நானும் கொஞ்ச நேரம் ஆடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள் வலேஸ்கா.

ஆட்டம் தொடங்கியது. யாரியேல் அவள் பக்கம் பார்த்துவிட்டுப் பந்தை வீசினான். வழக்கம் போலவே பந்து அவளுக்கு வரவில்லை. அவளைத் தாண்டி, பள்ளத்துப் பக்கமாகப் போனது. வலேஸ்கா நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். பந்து தரையைத் தொட்டது, உருண்டது, பிறகு நிற்கவே இல்லை.

"போச்சு," என்றாள் ஒரு சின்னப் பெண். "விட்டவங்கதான் எடுத்துட்டு வரணும். கீழ கர்னல் இருக்கு, பாத்துப் போங்கக்கா."

"யாரு கர்னல்?"

எல்லோரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

தெருவின் அடியில், பந்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வெள்ளை வாத்து நின்றிருந்தது. கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, சீறிக்கொண்டே வந்தது. வலேஸ்கா எப்படிப் பந்தை எடுத்தாள், எப்படி மேலே ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னங்காலில் ஒரு கொத்து விழுந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பிள்ளைகள் ஆடுவதைக் கவனித்தாள். அங்கே ஒருவரும் நின்று பந்து வாங்கவில்லை. வீசுகிறவன் தோள் அசைந்ததுமே, வாங்குகிறவன் பள்ளத்துப் பக்கம் பாய்ந்துவிடுகிறான். பந்து வந்து சேரும்போது ஆள் அங்கே இருக்கிறான். இல்லாவிட்டால் கர்னலிடம்தான் போக வேண்டும். இப்படி ஆடித்தான் அவர்கள் பழகியிருந்தார்கள்.

'இவன் தப்பா வீசலை,' என்று நினைத்தாள் வலேஸ்கா. 'நாங்க ஓடலை.'

"ஏன்டா இதை நீ சொல்லவே இல்லை?" என்று கேட்டாள்.

யாரியேல் காலணியைப் பார்த்தான். "எல்லாரும் எப்பவும் இப்படித்தான் ஆடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க ஓடாம நின்னப்போ, கால் வலிக்குதோன்னு நெனச்சேன்."

"அணி முழுக்கவா கால் வலிக்கும்?"

"அதான் எனக்கும் புரியலை," என்றான் அவன்.

மறுநாள் மாலை வலேஸ்கா அணி முழுவதையும் மேட்டுத் தெருவுக்குக் கூட்டி வந்தாள். டெரெக் வழி நெடுக முணுமுணுத்தான்.

"ஆளை மாத்துன்னா, எங்களை மலை ஏற வெக்கறே. ஓமார் வந்தா இந்தக் கஷ்டமே இல்லை."

"சனிக்கிழமை வரைக்கும் நான் சொல்றதைக் கேளு. அதுக்கப்புறம் நீ என்ன வேணா பேசிக்கோ."

"நான் யாரு பின்னாலயும் ஓட மாட்டேன்."

முதல் பந்தையே அவன் விட்டான். தோளைக் குலுக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி கீழே இறங்கிப் போனான். திரும்பி வரும்போது சீட்டி இல்லை. ஒரு காலணியும் இல்லை. அதற்குப் பிறகு டெரெக் ஒரு பந்தைக்கூட விடவில்லை.

அந்த வாரம் தினமும் வந்தார்கள். முட்டி சிராய்த்தது, மழையில் நனைந்தார்கள், கீழே உருளும் பந்தைப் பார்த்து "வாத்து!" என்று கத்தினார்கள், ஆளுக்கொரு கொத்து வாங்கினார்கள். "போதும், வீட்டுக்குப் போலாம்" என்று யாராவது சொன்னால், "இன்னும் ஒரு தடவை" என்பாள் வலேஸ்கா. அந்த ஒரு தடவை முடியவே முடியாது.

சனிக்கிழமை வந்தது. வேலெஸ் தன் வண்டியை வேலியிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்.

சமதரையில் கால் வைத்ததும் பிள்ளைகள் பழையபடி ஆகிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த பதற்றம். யாரியேல் வீசிய முதல் பந்து ஆளில்லாத மூலைக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. ஓமார் ஒவ்வொரு பந்தையும் கொய்யாப்பழம் பறிப்பது மாதிரி பறித்துக்கொண்டிருந்தான். பச்சை அணி வெகுவாக முந்திவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று எஃப்ரயின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

வலேஸ்கா யாரியேலிடம் ஓடினாள். "நாங்க மறுபடி நிக்கறோம்டா. நீதான் விரட்டணும். கத்து."

"எனக்குக் கத்த வராதுக்கா. என்னன்னு கத்துறது?"

"மேட்டுத் தெருவுல என்ன கத்துவீங்க?"

யாரியேல் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான். டெரெக் மரம் போல நின்றிருந்தான். யாரியேல் கண்ணை இறுக்க மூடி, வாயைத் திறந்தான்.

"வாத்து!"

டெரெக் துள்ளிக் குதித்து ஓடினான். எதற்கு ஓடுகிறோம் என்று யோசிப்பதற்குள் பந்து அவன் கையில் வந்து விழுந்தது. எதிரே ஒருத்தருமே இல்லை. கூடையில் போட்டான்.

அதன் பிறகு மைதானம் முழுக்க அதே சத்தம்தான். "வாத்து!" என்றால் வலப்பக்கம் ஒருத்தி பாய்வாள். "வாத்து!" என்றால் இடப்பக்கம் ஒருவன் பாய்வான். பாவம் ஓமார், வாத்து எங்கே என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். கடைசிப் பந்தை யாரியேல் வெற்றிடத்துக்கு வீசினான். வலேஸ்கா அவன் தோளைப் பார்த்ததுமே கிளம்பியிருந்தாள். பந்தும் அவளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். மஞ்சள் அணி ஒரே ஒரு கூடையில் ஜெயித்தது.

பச்சை அணியின் நில்சா வேகமாக நடு வட்டத்துக்கு வந்தார். அவருடைய அணித் தலைவன் பின்னாலேயே வந்தான்.

"எஃப்ரயின், ஓமாரைத் தர்றேன். கூடவே எங்க லூர்தெசையும் தர்றேன். தூரத்துல இருந்து போட்டாலும் அவளுக்குக் குறி தப்பாது. எனக்கு இந்தச் சின்னப் பையன் மட்டும் போதும்."

எஃப்ரயினின் விரல்கள் காற்றில் வேகமாக முடி வெட்டின. "ரெண்டு பேர், வலேஸ்கா," என்றார் மெதுவாக. "ரெண்டு பேர். கோப்பை நம்ம வீட்டு அலமாரிக்கே வந்துடும். உனக்கு வேற இது கடைசி வருஷம்."

பச்சை அணித் தலைவன் கையை நீட்டினான். வலேஸ்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கடைசி வருஷம்தான் கோச். அதனாலதான் இவன்கூட ஆடணும்."

"தோத்துட்டா?"

"தோத்தாலும் இவன்கூடத்தான். டெரெக், நீ என்ன சொல்றே?"

டெரெக் தலையைச் சொறிந்தான். "ஒரு காலணி போனது போனதுதான். வீணாகக் கூடாது. இவன் இருக்கட்டும்."

எஃப்ரயின் அவளையும் பார்த்தார், பின்னால் கட்டிய கைகளையும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். ஓமாரும் "அப்பாடா" என்றான். "எனக்கு எங்க அணிதான் பிடிக்கும். யாரு என்னைக் கேட்டாங்க?"

அப்போதுதான் எல்லோரும் யாரியேலைக் கவனித்தார்கள். நில்சா வந்ததுமே அவன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். வியர்வையில் நனைந்த சட்டை தலையிலேயே மாட்டிக்கொண்டது. முகமே தெரியவில்லை. மஞ்சள் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும் வந்தது.

"முடிஞ்சுடுச்சாக்கா?"

"முடிஞ்சுடுச்சு," என்று வலேஸ்கா சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். "போட்டுக்கோ. நாளைக்கு மேட்டுத் தெருவுல பயிற்சி."

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை," என்றான் டெரெக் நம்பிக்கையோடு. "கர்னல் இருக்காதுல்ல?"

"இருக்கும்," என்றான் யாரியேல், முதல் தடவையாக டெரெக்கின் முகத்தை நேராகப் பார்த்து. "அதுக்கு லீவே கிடையாது."