வலப்பக்கம் இறங்கியவள்

அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்புகள். ஜன்னலோரம் இருப்பது ஆரோக்கியத்தினுடையது. கதவோரம் இருப்பது அவள் நாத்தனார் ஜெயத்தினுடையது. இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே பால்காரரிடம் பால் வாங்குகிறவர்கள். ஆனாலும் ஆரோக்கியத்தின் கை பட்ட தண்ணீரைக்கூட ஜெயம் வாயில் வைப்பதில்லை. ஜெயத்தின் மகள் ரூபிக்கு என்ன வயசோ, அந்த வைராக்கியத்துக்கும் அதே வயசு.

ஆரோக்கியத்தின் கணவர் ஜூலியனுக்கு முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அவள் இன்னும் அழவில்லை. கல்லறையில் மண் போடச் சொன்னார்கள், போட்டாள். மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினாள். மரத்துப்போன காலோடு நடப்பதைப்போல நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இன்று காலையும் எழுந்தாள், பால் காய்ச்சினாள், காபி கலந்தாள்.

"பாத்தியா ரூபி! புருசன மண்ணுல வச்சி ஒரு மாசம் ஆவுது... ஒரு சொட்டுக் கண்ணீரு வந்துச்சா இவளுக்கு? உங்கப்பா செத்தப்பவும் இப்பிடித்தான் கல்லாட்டம் நின்னா!"

"அம்மா, காலங்காத்தால ஆரம்பிக்காத. கார் வாங்கறவரு இப்ப வந்துடுவாரு" என்றாள் ரூபி.

"வரட்டும்! அந்தச் சனியன் வூட்ட வுட்டுப் போவட்டும். அதோட சேந்து இவளும் கெளம்பட்டும். எங்கண்ணன் மொகத்துக்காகத்தான இத்தினி வருசம் பொறுத்துக்கினு இருந்தேன்... இனிமே எனக்கு என்னா?"

ஆரோக்கியம் அடுப்பை அணைத்தாள். ஜெயம் இதை நேற்றே சொல்லிவிட்டாள். நாலு புடவையை மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. வைத்திக்குப்பத்தில் தம்பி வீடு இருக்கிறது. போகவேண்டும் என்றால் போகவேண்டியதுதான் என்று இருந்தது அவளுக்கு. வருத்தம்கூட வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அந்தக் கார்தான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த ஜூலியன், ஓய்வு பெற்று வரும்போது அங்கே ஆசையாக வைத்திருந்த ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மூக்கு நீண்ட, செக்கச்செவேலென்ற டாட்சன். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து அதை எடுத்துவர ஜூலியனும் ஆரோக்கியமும் ஜெயத்தின் கணவர் அந்தோணியும் போனார்கள். ஜெயம் அப்போது ரூபியைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

திரும்பும் வழியில், காலாப்பட்டு கிட்டே, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய்க் கார் சுழன்று பின்பக்கம் புளியமரத்தில் அடித்தது. பின்சீட்டில் இருந்த அந்தோணி அங்கேயே போய்விட்டார். ஜூலியனுக்கு நினைவு தப்பிவிட்டது. தன் காலால் இறங்கி வந்தவள் ஆரோக்கியம் ஒருத்திதான்.

"வலப்பக்கக் கதவத் தொறந்துக்கினு அந்தம்மாதான் எறங்குனாங்க. அவங்கதான் ஓட்டுனது" என்று ஓடிவந்து பார்த்த டீக்கடைக்காரர் சொன்னார். அது அப்படியே ஜெயத்தின் காதுக்குப் போயிற்று. போலீஸில் ஓட்டியவர் ஜூலியன் என்றுதான் எழுதினார்கள். அதற்கும் ஜெயமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாத பெண்டாட்டியைக் காப்பாற்ற அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்! அன்றோடு அண்ணன் தெய்வமானார், அண்ணி கொலைகாரியானாள். 'அண்ணி' என்ற வார்த்தையே ஜெயத்தின் வாயிலிருந்து போய்விட்டது.

காரின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று கொட்டகைப் பக்கத்து ஜன்னலுக்கு ஆணியடித்துவிட்டாள் ஜெயம். ஜூலியன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்காக அதைத் தட்டி நிமிர்த்தினார், பெயின்ட் அடித்தார், துடைத்தார். ஒருநாள்கூடத் தெருவில் இறக்கவில்லை.

அந்தக் காரை வாங்கத்தான் இன்று எழிலரசன் என்பவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ரூபி போனில் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு லாரியோடேயே வந்துவிட்டார். தார்ப்பாயை இழுத்ததும் மனிதர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கொழந்தையாட்டம் வச்சிருக்காரும்மா... குடும்பத்துல யாராச்சும் ஒருத்தர் உள்ள ஒக்காருங்க. கடைசியா ஒரு படம் எடுத்துக்கலாம்."

சனியன் ஒழிவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஜெயமும் கொட்டகை வாசலுக்கு வந்திருந்தாள். அந்தக் காரை அவள் பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

"அவளையே ஒக்கார வைங்க! ஓட்டுனவ அவதான? எம்புருசன கொன்ன எடத்துலயே ஒக்காரட்டும்!"

"அம்மா!" என்று கத்தினாள் ரூபி.

ஆரோக்கியத்தை உட்காரச் சொன்னார்கள், போனாள். கால்கள் தாமாக வலப்பக்கம் போயின. கதவைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

எழிலரசன் சிரித்தார். "அங்க இல்லம்மா, டிரைவர் சீட்டு இந்தப் பக்கம்."

ஜெயம் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி ரூபி இது... அவ முன்னால ஸ்டியரிங்கே இல்ல?"

"பிரான்ஸ்ல ஓடுன வண்டிம்மா. ஸ்டியரிங் எடப்பக்கம்தான் இருக்கும். விளம்பரத்துலகூடப் போட்டிருக்கேனே, ஒனக்குத் தெரி..."

ரூபி அம்மாவையும் வலப்பக்கக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை பாவம். நம் ஊரில் வலப்பக்கம் இறங்குகிறவர்தானே டிரைவர்! எழிலரசன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெல்லத் தெருவுக்குப் போய்விட்டார்.

"அப்ப... யாரு ஓட்டுனது?" ஜெயம் காரைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு... எங்கண்ணனா? எங்கண்ணனா ஓட்டுனாரு?"

"வுடு ஜெயம். அவரே போயிட்டாரு."

"வுட மாட்டேன்! எத்தினி பேரு முன்னால ஒன்ன கொலகாரின்னேன்... கோயில்ல, கல்யாணத்துல, நேத்து பூசையிலகூட! ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னான்னு சொல்லச் சொல்ற?" ஆரோக்கியம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். கடைக்குச் சொல்லியனுப்புகிற குரல்தான், ஏற்ற இறக்கமே இல்லை. "பச்ச ஒடம்புக்காரி நீ. கையில கொழந்த. அப்பா அம்மா இல்ல. அண்ணன்தான் ஓட்டுனாருன்னு தெரிஞ்சா இந்த வூட்டுப் படி மிதிச்சிருப்பியா? எங்க போயிருப்ப? நான் வந்தவ. என்ன வெறுத்தா ஒனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. அவர வெறுத்தா ஒனக்கு யாரு இருக்கா?"

"அண்ணன்... அண்ணன் எப்பிடி சும்மா இருந்தாரு..."

"ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் சொல்லிடறேன்னு எழுந்திருப்பாரு. நாந்தான் வேணாம்னு கையப் புடிச்சி ஒக்கார வச்சேன்."

எழுந்த மனிதர் உட்காராமல் இருந்திருக்கலாம்! பெண்டாட்டி வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? நல்லவர் என்ற பேரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். சுமந்தது இவள்.

"இன்னொண்ணும் இருக்குது" என்றாள் ஆரோக்கியம். "இந்த சீட்டுல அந்தோணிதான் ஒக்காந்து வந்தாரு. எனக்குக் கொமட்டுதுன்னு மரக்காணத்துல எடம் மாத்திக் குடுத்தாரு. நீ கொலகாரின்னு சொல்றப்பலாம் அதுக்குன்னு நெனச்சிக்குவேன்."

"அண்ணீ...!"

ஜெயம் அப்படியே தரையில் மடிந்து, திறந்த கதவுக்குள் தலையை நுழைத்து ஆரோக்கியத்தின் மடியில் முகம் புதைத்தாள். "ஒங்கையால ஒரு வாய் தண்ணி குடிக்கலயே அண்ணி... பாவி நான்... பாவி..."

எத்தனை வருஷமாகக் கேட்காத வார்த்தை! கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று ஒருகாலத்தில் ஆரோக்கியம் நினைத்ததுண்டு. இப்போது ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் எழுந்து ஜெயத்தின் தலையைத் தடவியது. "அழாத... அழாத" என்று வாய் சொன்னது. கண் வறண்டே இருந்தது.

ரூபிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அத்த, கார்...?"

"எடுத்துக்கினு போவட்டும்மா."

லாரி புறப்பட்டுப் போனது. ஜெயம் கூடத்தில் இருந்த பையைப் பிரித்துப் புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள். யாரையும் கேட்கவில்லை.

ஆரோக்கியம் சமையலறைக்குப் போய் ஆறிப்போயிருந்த காபியை மறுபடி அடுப்பில் வைத்தாள். பின்னால் வந்து நின்ற ஜெயம் கதவோர அடுப்பின் பக்கம் போகவில்லை.

"அண்ணி... அதுல எனக்கும் கொஞ்சம் குடுங்க."

ஆரோக்கியம் டம்ளரை எடுத்தாள். ஊற்றும்போது கொதிக்கக் கொதிக்க விரலில் கொட்டிவிட்டது.

"ஸ்ஸ்... சுடுதே!"

ஜூலியனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளுக்கு உறைத்தது அதுதான். விரலைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் மேடையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "என்னங்க... என்னங்க..." என்று அழுதாள்.

ஜெயம் ஒரு கையால் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் டம்ளரை எடுத்தாள். காபியில் சர்க்கரை இல்லை. ஜெயம் அதை முழுக்கக் குடித்தாள்.