குகை வாசலில் கூப்பிட்ட பேர்

மழை பிடிப்பதற்குள் குகைக்குப் போய் வந்துவிடலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். குவாத்தமாலா முழுக்க ஆறும் மலையுமாகச் சுற்றிக்கொண்டிருந்த சிக்னே என்ற டென்மார்க்குப் பெண், தன்னைவிடப் பெரிய முதுகுப்பையோடு எங்கள் ஊருக்கு வந்து இறங்கியிருந்தாள். பையைக் குகை வாசலில் போட்டுவிட்டு, மலைக்குச் சாம்பிராணி காட்டி அனுமதி கேட்டோம். ஆளுக்கொரு மெழுகுவத்தி. பதினோரு வருஷமாக இங்கே வழிகாட்டி நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த எலியாசர் போய் வருவான் என்று பீற்றிக்கொள்வேன்.

தண்ணீர் கழுத்துவரை வரும் இடத்தில் இரண்டு வத்தியும் ஒன்றாக அணைந்தன.

காற்றே இல்லை. வௌவால் நாற்றம் மட்டும். சிக்னே அலறினாள். தண்ணீருக்கடியில் ஒரு கை என் இடது கையைப் பிடித்தது. அதை இறுகப் பற்றிக்கொண்டு, மறுகையால், வழிக்காகப் பாறையோரம் கட்டியிருந்த கயிற்றைத் தடவித் தடவி வெளியே வந்து சேர்ந்தேன்.

"நல்லவேளை, என் கையை விடாம பிடிச்சுக்கிட்டே," என்றேன்.

"நானா? ரெண்டு கையாலயும் கயித்தைத்தானே பிடிச்சிருந்தேன்."

என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எங்கள் பக்கம், பயந்த இடத்திலேயே உயிர் தங்கிவிடும். அந்த மண்ணைக் கிளையால் அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிப்போக வேண்டும். சிக்னேவின் பேரை மூன்று முறை கூப்பிட்டேன். என் பேரைக் கூப்பிட இன்னொருவர் வேண்டும். அவளிடம் கேட்க வெட்கம். வழிகாட்டியே பயந்துவிட்டான் என்று ஊர் சிரிக்காதா?

ஒன்பது நாள் சாப்பாட்டில் உப்பே தெரியவில்லை. போட்ட சட்டை உடம்பிலேயே நனைந்தது. நான் வளர்த்த நாய் என்னைக் கண்டு உறுமியது.

என் மனைவி ஓதிலியா சோள ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுய்யா. உள்ள பயந்தியா?"

"நானா? போடி..."

"பெரிய வீரன்! அப்புறம் எதுக்குத் தூக்கத்துல இடது கையை உதறிக்கிட்டே கெடக்கே?"

அழுதுவிட்டேன். மறுநாள், நல்ல வெயிலில், என் கையைப் பிடித்துக் குகை வாசலுக்குக் கூட்டிப்போனாள். கிளையால் மண்ணை அடித்தாள்.

"எலியாசர், வாய்யா. இங்க இருக்காதே. வீட்டுக்குப் போகலாம்."

உள்ளே தண்ணீர் சலசலத்தது. யாரோ நடந்து வரும் சத்தம்.

நின்றது.

"ஓதிலியா..."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

"வத்தி அணைஞ்சுபோச்சு. ஒன்பது நாளா உன்னைக் கூப்பிடுறேன். நீ கையைப் பிடிச்சிருக்கியே, அது யாரு?"

அவள் மெல்லத் தன் விரல்களை விடுவித்துக்கொண்டாள்.

நான் எலியாசர்தான். கல்யாணத்தன்று அவள் செருப்பு சேற்றில் மாட்டியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. சொன்னேன். தலையாட்டினாள். இப்போதும் ரொட்டி சுட்டு வைக்கிறாள், பக்கத்தில் மட்டும் உட்காருவதில்லை.

தினமும் வேலை முடிந்ததும் கிளையோடு மலையேறிவிடுகிறாள். அவள் என்னைக் கூப்பிடுவது வீடுவரை கேட்கும். நான் அடுப்போரம் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பேன்.

இன்று அவள் தனியாக இறங்கி வரவில்லை. பேச்சுக்குரல் இரண்டு கேட்கிறது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடுகிறது.