மரம் திறக்கும் வரை

"ஜெயா வாசிச்ச மாண்டலின எடுங்க சார். நான் வாசிச்சுப் பாக்கணும்."

மாண்டலின் கடை முதலாளி புருஷோத்தமனிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வினோதாவிடம் தங்கை ஜெயசித்ரா சொல்லியிருந்தாள். அவள் கடைசியாகப் பேசியதும் அதுதான். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை; குரல்தான் இல்லை.

புது மாண்டலினின் மரம் இறுகியிருக்கும். யாராவது தினமும் மணிக்கணக்கில் வாசித்தால்தான் நாதம் திறக்கும். அந்த வேலைக்கு மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி போதும் என்று ஜெயாவைச் சேர்த்திருந்தார் புருஷோத்தமன்.

"கைய கழுவிக்கினு தொடும்மா. மீன் வாட மரத்துல ஏறிடும்."

"பி.காம் முடிச்ச கை சார். உங்க மனச விட சுத்தம்."

சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். வெளியே மத்தியான வெயில் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தாலும் உள்ளே ஏசிக் குளிரும் வார்னிஷும் பசையும் கலந்த வாடையும் வினோதாவின் பிடரியில் ஈரமாய் ஒட்டின. சுவர் நெடுகத் தொங்கிய மாண்டலின்களின் வயிற்றுத் துளைகள், மூச்சை அடக்கிக்கொண்ட வாய்களைப் போல அவளையே நோக்கியிருந்தன.

மாண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்க வேண்டும். அவள் மீட்டினாள். ஒன்று ஒலித்தது. மற்றது சற்றுத் தாமதித்தது.

"அக்கா," என்றது அந்தக் கம்பி, ஜெயாவின் குரலில்.

மறுபடி மீட்டினாள்.

"அக்கா, வலிக்குது."

செல்போன் அதிர்ந்தது. அம்மா தனம்.

"வினோ, ஜெயா துடிக்கிறாடி! யாரோ அறுக்குற மாதிரி கழுத்தப் புடிச்சிக்கினு உருள்றாடி!"

கையை எடுத்தாள். தொடாமலே சுவரிலிருந்த கம்பிகள் எல்லாம் முனகின.

"அருமையா திறந்திருக்கு இல்ல? சாயந்திரம் வாங்க வராங்க. விடிய விடிய வாசிக்கிறவங்க," என்றார் புருஷோத்தமன்.

"அவ குரல குடுங்க."

மூலையில் நின்ற மாண்டோசெல்லோவைக் காட்டினார். மாண்டலின் போலவேதான், ஆனால் மடி நிறையும் அளவு பெரியது. "இது இன்னும் திறக்கல. நீ திற. அவ கம்பிய கழட்டிடறேன். உங்க ஊட்டுல ஒரு வாய் போதுமே."

"நான் வாசிக்க வாசிக்க நீங்க கழட்டணும். என் கண்ணு முன்னாடி."

"நம்பிக்கை இல்லியா?"

"உங்கள நம்புனவ ஆஸ்பத்திரில கெடக்கறா."

மாண்டலினை அவரிடம் கொடுத்துவிட்டு மாண்டோசெல்லோவை மடியில் ஏந்தினாள்.

மீட்டினாள். தொண்டைக்குள் நூல் பிரிவது போல ஏதோ உருவிக்கொண்டு போனது. அவர் ஒரு கம்பியைக் கழற்றினார். மீட்டினாள். இன்னொன்று. வாய் உலர்ந்தது. நாக்கு மரத்தது. மீட்டினாள்.

கடைசிக் கம்பி கழன்றதும் செல்போன் அதிர்ந்தது.

"அக்கா! நான்தான்! பேச்சு வந்துடிச்சிக்கா! எங்க இருக்க?"

வாய் திறந்தாள். காற்று. வெறும் காற்று.

மாண்டோசெல்லோவை இறக்கி வைத்துவிட்டு வாசலைத் தாண்டினாள். தன் குரல் போகும் என்று சம்மதித்தபோதே தெரியும். அழப்போவதில்லை.

"மெர்சி, மா," என்று பிரெஞ்சில் நன்றி சொன்ன புருஷோத்தமன், மாண்டோசெல்லோவின் தடித்த கம்பியைச் சுண்டினார்.

"இங்கதான்டி இருக்கேன்," என்றது கடைக்குள் அவள் குரல்.

கழுத்து அறுந்தது போல் வலித்தது. வாயில் ரத்தம் கரித்தது. திரும்பவில்லை. நடந்தாள்.

செல்போனில் ஜெயா சிரித்தாள். "ஏன்க்கா உன் குரல் எங்கியோ தூரத்துல கேக்குது? இன்னொரு தடவ பேசுக்கா."

உள்ளே மறுபடி சுண்டினார்.