நிலவூர் நான்காம் பாகம், குறைகள் நீங்கியது

நிலவூர் படவரிசையின் நான்காம் பாகத்தைப் படச்செம்மி திருத்தி முடித்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, ஜெசிந்தா பட்டிமன்றத்துக்கு உடுத்த வேண்டிய சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செய்தியின் அடியில் ஒரு பாராட்டும் இருந்தது. படத்தில் நீக்கப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை அவளுடைய பேச்சுகளிலிருந்து எடுக்கப்பட்டவையாம்.

படச்செம்மி தேறாத படங்களைப் பழுதுபார்க்கும் பொறி. ரசிகர்கள் எந்த இடத்தில் நெளிகிறார்கள், எதைத் திட்டுகிறார்கள் என்று கேட்டுக்கேட்டு, அதே நடிகர்களின் முகத்தையும் குரலையும் கொண்டே காட்சிகளைப் புதிதாக நெய்துவிடும். ஊரில் உள்ள திரைகளுக்கெல்லாம் படங்கள் பொதுப்பேழை ஒன்றிலிருந்துதான் வந்தன. அங்கே மாற்றினால் எங்கும் மாறிவிடும். பழைய படம் போய்விட்டதே என்று யாரும் வருந்தவில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்கியதற்காக யார் ஒப்பாரி வைப்பார்கள்?

தூத்துக்குடி நிலவூர் ரசிகர் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட அரங்கில் பட்டிமன்றம். முதலிரண்டு படங்களைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நல்ல படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வாதமெல்லாம் நலிந்த படங்களைப் பற்றித்தான், அதிலும் குறிப்பாக நான்காம் பாகம். காற்றே இல்லாத நிலவில் கதாநாயகனின் வேட்டி படபடக்கும். ராட்சதப் பிராணியின் முதுகில் ஜிப் தெரியும். ஒருமுறை செத்த வில்லன் சூடு சொரணை இல்லாமல் மறுபடியும் சாவான். இயற்பியல் ஆசிரியையான ஜெசிந்தா இவற்றைப் பிய்த்துப் பிய்த்து எறிவாள். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டும் உலகநாதன் எழுந்து, அவள் எறிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து வைப்பார்.

கடைசியில் சண்டை எப்போதும் ஒரே காட்சியில் வந்து நிற்கும். நிலவிலிருந்து திரும்பும் நாயகன், அதற்குள் கிழவியாகிவிட்ட மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த கடலை உரிப்பான். வசனம் கிடையாது. பாதித் தியேட்டர் எழுந்து வெளியே போய்வரும் அளவுக்கு நீளம். “அந்தக் காட்சியைத் தூக்குனா படம் பொழச்சிரும்” என்று ஒரு வருடம் கைதட்டல் மயக்கத்தில் ஜெசிந்தா சொன்னாள். உலகநாதன் சத்தத்தை உயர்த்தாமல் பதில் சொன்னார். “அவனுக்கு என்ன பேசணும்னு தெரியல டீச்சர். அதான் உரிச்சு உரிச்சுக் குடுக்கான்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஜெசிந்தா அந்தப் பதிலை அப்படியே எழுதிவைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம்: அதன்பிறகு அவள் குறை தேடியதெல்லாம் அந்த மனிதர் பதில் சொல்வதைக் கேட்கத்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் மனைவியை இழந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் அவரைப் பார்க்க அவளுக்கு வேறு சாக்கு இருக்கவில்லை.

அரங்கில் திருத்திய படத்தைப் போட்டார்கள். அருமையாக இருந்தது. வேட்டி அசையவில்லை, வில்லன் ஒருமுறையோடு சாவை முடித்துக்கொண்டான். கடலை இருந்த இடத்தில் பளிச்சென்று நாலு வரி வசனம். எல்லோரும் அழவேண்டிய இடத்தில் அழுதார்கள்.

நடுவர் செய்யது பாவா ஒலிபெருக்கியை உலகநாதனிடம் நீட்டினார்.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல பாய்.”

“டீச்சர், நீங்க?”

ஜெசிந்தா இல்லையென்று தலையசைத்தாள். குறை சொல்ல உண்மையிலேயே ஒன்றும் அகப்படவில்லை.

“அப்பொ தீர்ப்பு ஏகமனசா முடிஞ்சுபோச்சு. மிச்சப் படங்களும் பொறிக்குள்ள போயிருக்காம். இனிமே நமக்குச் சோலி இல்ல” என்றார் பாவா. மன்றம் கலைந்தது. படம் திருந்த உதவியதற்காக ஜெசிந்தாவுக்கு மன்றத்தார் போட்ட பொன்னாடை கழுத்தில் உறுத்தியது.

வராந்தாவில் உலகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் இனி எங்கே பார்ப்பது? கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அவள் ஏறக்குறைய ஓடினாள்.

“சார், எம்மேல கோவமா?”

“கோவம் என்னத்துக்கு? படம் நல்லாத்தான இருக்கு.”

“எனக்கு அந்தக் கடலைக் காட்சி ரொம்பப் பிடிக்கும் சார்.”

அவர் நிமிர்ந்தார். “வருசா வருசம் கிழிச்சீங்களே?”

“நீங்க அதுக்குப் பதில் சொல்லுவீங்கல்லா. அதைக் கேக்கத்தான்.” சொல்லிவிட்டு அவள் தூணைப் பார்த்தாள். “நானே என் வாயால அதைத் தூக்க வச்சிட்டேன்.”

உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். “உள்ளதச் சொன்னா, மத்தபடி அது மட்டமான படம் டீச்சர்” என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அந்தக் காட்சியச் சொல்லுங்க சார். உங்களுக்கு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கும்லா?”

“கடலைத் தட்டு அவன் மடியில இருக்கும்…”

“மடியிலயா? தரையில சார்.”

“மடியில. அவ ஒண்ண வாங்கிட்டுச் சிரிப்பா.”

“சிரிக்கவே மாட்டா! மொகத்தத் திருப்பிக்கிடுவா.”

“திருப்புனது சிரிப்ப மறைக்கத்தான டீச்சர்?”

யார் சொன்னது சரி என்று பார்க்க உலகத்தில் வழியில்லை. பொதுப்பேழையில் இருந்தது குறையில்லாத படம். பழைய படத்தை அதன் அத்தனை ஓட்டைகளோடும் தேடவேண்டிய இடம், ஒத்துப்போகாத இந்த இரண்டு தலைகள்தான்.

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க சார். பேசித் தீத்துருவோம்.”

“வாரேன்” என்றார் உலகநாதன். “ஆனா இது ஒரு ஞாயித்துக்கெழமையில தீராது டீச்சர்.”